பாடத்தை ஆராய்ந்த ஆசிரியர்கள்

மாணவரின் கல்விக்கு எல்லை இல்லை என்று எல்லாரும் சொல்வர். ஆசிரியரின் கல்வியோ பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு முடிந்துவிட்டதாகவே பலர் கருதுகின்றனர். கற்பிக்கும் கலையை, கற்பிக்கும் இடத்திலேயே ஆசிரியர் நாள்தோறும் கற்க வேண்டும் என்பதை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்ட நாடு ஜப்பான். அவ்வழக்கம் தோன்றி வளர்ந்த வரலாறு அறியத்தக்கது.

திண்ணையிலிருந்து வகுப்பறைக்கு

ஜப்பானின் பழைய பள்ளிகள் 'தெராகோயா' எனப்பட்டன. நம் திண்ணைப் பள்ளிகளைப் போலவே அங்கும் பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்திருப்பர். ஆசிரியர் தனித்தனியே எழுத்தும் வாசிப்பும் சொல்லிக் கொடுப்பார். 1872ஆம் ஆண்டில் மெய்ஜி அரசாங்கம் நாடு முழுமைக்குமான கல்விச் சட்டத்தைப் பிறப்பித்தது. இனி வகுப்பு முழுவதற்கும் ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆசிரியர் எங்கே?

அவ்வாண்டே டோக்கியோவில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. மரியன் ஸ்காட் என்னும் அமெரிக்கர், மொழிபெயர்ப்பாளர் துணையுடன் அங்கே புதுமுறையை நடத்திக் காட்டினார். 1875இல் தக்காமினே ஹிதேயோ முதலியோர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். பெஸ்டலாஜியின் கல்விமுறையை அங்கே பயின்று திரும்பிய தக்காமினே, அதைப் பயிற்சிப் பள்ளியில் பரப்பினார்.

பார்வையும் விமர்சனமும்

அம்முறையை விளக்கி, வக்கபயாஷி, ஷிராய் என்னும் இருவர் 1883இல் ஒரு கைந்நூல் வெளியிட்டனர். பாடம் நடத்தும் வழியோடு, நடத்திய பாடத்தை மற்றவர்கள் எவ்வாறு ஆராய்வது என்பதற்கான குறிப்புகளையும் அதில் சேர்த்தனர். ஓர் ஆசிரியரின் வகுப்பைச் சக ஆசிரியர்கள் பார்த்து விமர்சிக்கும் பழக்கம் இவ்வாறு வேரூன்றிற்று.

எனினும், நல்ல முறையும் வெறுஞ்சடங்காகிவிடக் கூடும். கேள்வியும் விடையும் முன்கூட்டியே வகுக்கப்பட்டு, குழந்தையின் சிந்தனைக்கு இடமில்லாத பாடங்கள் பெருகின. இதற்கு மாற்றுத் தேடியவர்களுள் ஒருவர் சவாயனாகி மசதாரோ. 1917இல் செய்ஜோ தொடக்கப் பள்ளியை நிறுவிய அவரும் உடனாசிரியர்களும், பள்ளிக்கு வரும் குழந்தைகள் எத்தனை சொற்களை அறிந்து வருகின்றனர் என்று கணக்கெடுத்தனர். 1919இல் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். ஊகத்தை விட்டு, குழந்தையையே சான்றாகக் கொண்ட முயற்சி அது.

உலகின் கவனம்

இன்று 'ஜுக்யோ கென்க்யூ', அதாவது பாட ஆராய்ச்சி, என வழங்கும் முறையின் சாரமும் இதுவே. ஆசிரியர் சிலர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர்; ஒருவர் நடத்துவார்; மற்றவர்கள் வகுப்பில் நின்று மாணவர்கள் எங்கே தயங்கினர், எப்படிச் சிந்தித்தனர் என்று குறித்துக்கொள்வர். பின்னர் விவாதம் நடக்கும். குறையும் நிறையும் பாடத்தினுடையவை. அதை நடத்தியவருடையவை அல்ல. ஆகவே ஆசிரியர் அஞ்சாமல் வகுப்பறைக் கதவைத் திறந்து வைக்கிறார்.

ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் பதிவு செய்யப்பட்ட 231 கணித வகுப்புகளை ஒப்பிட்ட ஸ்டிக்லர், ஹீபர்ட் என்னும் அமெரிக்க அறிஞர்கள், 1999இல் வெளியிட்ட நூலில் இம்முறையைப் புகழ்ந்தனர். அதன்பின் சிங்கப்பூர்ப் பள்ளிகள் உட்படப் பல நாடுகளில் இது பரவிற்று.

ஆனால், இங்கிலாந்தில் ஏறத்தாழ 180 பள்ளிகளில் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2017இல் வெளியானபோது, இம்முறையால் மாணவர்களின் கணிதத்திலோ வாசிப்பிலோ கூடுதல் முன்னேற்றம் காணப்படவில்லை. அங்கே ஆசிரியர்கள் ஈராண்டுகளே இதில் பயிற்சி பெற்றனர். ஜப்பானிலோ இது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். சடங்காகிப் போன பாடங்களை ஜப்பானே கண்டிருக்கிறது. உருவத்தை இரவல் வாங்கலாம். உள்ளத்தை வாங்க முடியாது என்பதையே இவ்விரண்டும் நினைவூட்டுகின்றன.

கல்வியை வள்ளுவர் மணற்கேணிக்கு ஒப்பிட்டார். அக்கேணியைத் தோண்டும் கடமை மாணவருக்கு மட்டும் உரியதன்று, கற்பிப்பவருக்கும் உரியதே.