தைத்தவர் பெயர் மொரோஜோ

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

மாறுவேடப் போட்டி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பள்ளி ஆண்டு விழாதான். பாரதியின் முண்டாசு, ஔவையின் கோல், கட்டபொம்மனின் அட்டை வாள். உங்கள் பிள்ளைகள் இன்று ‘காஸ்பிளே’ என்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் வேடம் கட்டுவது கதைப் புத்தகத்திலும் சித்திரக் கதையிலும் சினிமாவிலும் வரும் பாத்திரங்களுக்கு. அதைக் கட்டிக்கொண்டு அதே கதைகளை நேசிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் மாநாட்டுக்குப் போகிறார்கள். “இதெல்லாம் ஜப்பான்காரன் கொண்டுவந்தது சார்” என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். பெயர்தான் ஜப்பானில் பிறந்தது. பழக்கம் அதற்கு முந்தையது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

1939 ஜூலை 2 முதல் 4 வரை நியூயார்க் நகரில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. அந்த ஆண்டு அங்கே ‘நாளைய உலகம்’ என்ற கருப்பொருளில் உலகப் பொருட்காட்சியும் நடந்துகொண்டிருந்தது. மாநாட்டுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 200 பேர். பின்னாளில் பெரிய எழுத்தாளர்களான ஐசக் அசிமோவும் ரே பிராட்பரியும் அப்போது மீசை அரும்பும் வயதில் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பிராட்பரியிடம் பயணத்துக்குக் காசில்லை. கடன் கொடுத்து வரவழைத்தவர் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற 22 வயது இளைஞர்.

இந்த அக்கர்மன் மாநாட்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது அவர் உடம்பில் இருந்தது எதிர்கால மனிதனின் உடை. தோளில் பச்சை நிற மேலங்கி, காலில் பழங்காலத்துக் குதிரைவீரர் பாணிக் கால்சட்டை. உடன் வந்த பெண்ணும் அதே பாணியில் உடுத்தியிருந்தார். மற்ற எல்லோரும் சாதாரணக் கோட்டு, டை. எல்லோருமே வேடமிட்டு வருவார்கள் என்று அக்கர்மன் நினைத்திருந்தாராம்! வந்தது இவர்கள் இருவர் மட்டும். கூச்சப்படவில்லை. அதே உடையோடு தெருவிலும் நடந்தார்கள்.

காஸ்பிளேயின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் அக்கர்மனைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அவர் பின்னாளில் பத்திரிகையாசிரியராகவும் சேகரிப்பாளராகவும் புகழ்பெற்றவர், 92 வயது வரை வாழ்ந்தவர், நன்றாகப் பேசக்கூடியவர். புகழ் அவரிடம் சேர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தது அவரல்ல. கூட வந்தாரே, அந்தப் பெண்மணி. பெயர் மிர்ட்டில் டக்ளஸ். அன்பர் வட்டத்தில் அவரை ‘மொரோஜோ’ என்பார்கள். அது எஸ்பெராண்டோ மொழியில் அவர் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அமைத்துக்கொண்ட பெயர். உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட மொழி எஸ்பெராண்டோ. இருவருக்கும் அதில் பற்று அதிகம்.

மொரோஜோவுக்கு அப்போது வயது 35. கடையில் வாங்கும்படி அப்படியொரு உடை கிடையாது. பார்த்துத் தைப்பதற்கு அளவு மாதிரியும் கிடையாது. அவருக்கு ஆதாரமாக இருந்தவை இரண்டு. ஒன்று, அறிவியல் கதை இதழ்களின் அட்டைகளில் ஃபிராங்க் பால் என்ற ஓவியர் வரைந்த எதிர்கால மனிதர்கள். மற்றொன்று, எச்.ஜி. வெல்ஸின் கதையை வைத்து 1936இல் வந்த ‘திங்ஸ் டு கம்’ என்ற திரைப்படம். தையல் தெரிந்த பெண்கள் இதைப் படிக்கும்போது ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். படத்தில் தெரிவது உடையின் முன்பக்கம் மட்டும். பின்னால் எப்படி இருக்கும், எங்கே திறப்பு வைப்பது, கையைத் தூக்கினால் கிழியுமா, உட்கார முடியுமா? ஓவியருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. தைக்கிறவருக்கு எல்லாமே கவலைதான்.

அடுத்த ஆண்டு, 1940இல், மாநாடு சிகாகோவில் கூடியது. முந்தைய ஆண்டு இருவர் செய்த காரியம் மற்றவர்களுக்கும் ஆசையை மூட்டியிருந்தது. மாறுவேட நிகழ்ச்சியே ஏற்பாடாகிவிட்டது. முதல் பரிசு டேவிட் கைல் என்பவருக்கு. ஃபிளாஷ் கார்டன் கதையில் வரும் கொடிய பேரரசன் மிங்காக வந்திருந்தார். அந்த உடையை உருவாக்கியது யார் தெரியுமா? லெஸ்லி பெர்ரி என்ற பெண். பரிசுப் பட்டியலில் நிற்பது உடுத்தியவர் பெயர். இரண்டு ஆண்டுகள், இரண்டு மாநாடுகள், இரண்டு பெண்கள்! நான் இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

1941இல் டென்வர் மாநாட்டுக்கு மொரோஜோ தவளை முகத்தோடு வந்தார். மெரிட் என்பவர் எழுதிய ‘நிலாக் குளம்’ நாவலில் வரும் தவளை மனிதர்களில் ஒருத்தி வேடம். இந்த முறை முகமூடியைச் செய்தது அவரல்ல, ரே ஹாரிஹவுசன் என்ற 21 வயதுப் பையன். பெயர் தெரியாவிட்டாலும் அவர் வேலையை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1963இல் வந்த ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்’ படத்தில் எலும்புக்கூடுகள் வாளோடு எழுந்து சண்டை போடுமே, அது ஹாரிஹவுசன் சின்னப் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவாகப் படம் பிடித்து உருவாக்கியது. அவ்வளவு பெரிய கலைஞர் இளவயதில் நண்பர்களுக்கு முகமூடி செய்து பழகியவர்.

பிறகு போர் வந்தது. 1942 முதல் 1945 வரை உலக மாநாடு நடக்கவில்லை. மீண்டும் தொடங்கியபோது வேடப் போட்டி அதன் நிரந்தர அங்கமாகிவிட்டது. 1966இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரும், 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படமும் வந்த பிறகு இந்தக் கைவேலை ஊரெங்கும் பரவியது. சீருடையைத் தைத்துவிடலாம். ஆனால் ஸ்டார் வார்ஸின் வெள்ளைக் கவச வீரனுக்கு என்ன செய்வது? பிளாஸ்டிக் தகட்டைச் சமையலறை அடுப்பில் சூடாக்கி இளக்கி, அச்சின் மேல் போட்டு, வீட்டுத் தூசு உறிஞ்சும் கருவியால் காற்றை இழுத்து, தகட்டை அச்சோடு ஒட்ட வைத்தார்கள். தொழிற்சாலை வேலையை வீட்டு அடுப்பில் செய்திருக்கிறார்கள்!

எல்லாச் சோதனையும் நல்லபடி முடிவதில்லை. 1972 உலக மாநாட்டில் ஸ்காட் ஷா என்ற கேலிச்சித்திரக்காரர் ஒரு சித்திரக்கதைப் பாத்திரமாக வந்தார். துணிக்குப் பதிலாக உடம்பு முழுக்கப் பூசியிருந்தது நிலக்கடலை வெண்ணெய்! மேடை விளக்குச் சூட்டில் அது இளகி, அக்கம்பக்கத்து உடைகளிலும் தரைவிரிப்பிலும் ஒட்டி, நாற்றமும் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு ‘கடலை வெண்ணெய்க்கு அனுமதி இல்லை’ என்பது வேடப் போட்டி விதிகளில் ஒன்றானது. மாதக்கணக்கில் தைத்த இன்னொருவரின் பட்டுத்துணியை உங்கள் உடை பாழாக்கக் கூடாது. சிரிப்பாக இருந்தாலும் நியாயமான விதி.

ஆசிரியனாக எனக்குப் பிடித்த விதி வேறொன்று. போட்டியாளர்களைப் புதியவர், தேர்ச்சி பெற்றுவருபவர், வல்லுநர் என்று தரம் பிரித்தார்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ளவரோடு முதல்முறை ஊசி பிடித்த பிள்ளை மோத வேண்டியதில்லை. உடையைத் திருப்பிப் பார்த்து, உள்தையலையும் மடிப்பையும் சோதித்து, வேலைத்திறனுக்கென்றே தனிப் பரிசு கொடுக்கும் வழக்கமும் உண்டு. மேடையில் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத தையலுக்கும் மதிப்பெண்! நம் பள்ளி விழாக்களில் இதை யாராவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

இனி ஜப்பான். டோக்கியோவில் 1975 டிசம்பரில் ‘காமிக் மார்க்கெட்’ என்ற ரசிகர் சந்தை சிறிய அளவில் தொடங்கியது. சில நூறு பேர்தான் வந்தார்கள். அங்கும் இளைஞர்கள் வேடமிட்டு வரத் தொடங்கினார்கள். 1978இல் ஹகோனே பக்கம் நடந்த ஒரு மாநாட்டுக்கு, பின்னாளில் விமர்சகரான மாரி கோடானி, ஓர் அமெரிக்க நாவலின் அட்டைப்படத்தைப் பார்த்துத் தைத்த உடையில் வந்தார். பார்த்தவர்கள் அதை ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரமென்று நினைத்துக்கொண்டார்களாம். அமெரிக்க நாவலிலிருந்து ஜப்பானியக் கார்ட்டூனுக்குப் போன பாதை இப்படி ஒரு தவறான புரிதல் வழியாகவும் நடந்திருக்கிறது.

‘காஸ்பிளே’ என்ற சொல்லுக்கு வருவோம். ‘காஸ்ட்யூம்’, ‘ப்ளே’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஜப்பானிய வழக்கப்படி வெட்டி ஒட்டியது. உருவாக்கியவர் நொபுயுகி தகஹாஷி. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் உலக மாநாட்டைப் பார்த்து வியந்து, ஊர் திரும்பி இச்சொல்லைப் படைத்தார் என்று பல இடங்களில் படிப்பீர்கள். அழகான கதைதான், ஆனால் கணக்கு உதைக்கிறது. ‘மை அனிமே’ இதழின் 1983 ஜூன் வெளியீட்டிலேயே அவர் அதைப் பயன்படுத்திவிட்டார். அமெரிக்கப் பயணம் அதற்குப் பிறகுதான். ஒரு செய்தி நூறு இடங்களில் இருப்பதாலேயே உண்மையாகிவிடாது என்று வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா?

இப்போது செய்முறை. என் தம்பி பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பே வீட்டுக் கூடம் பட்டறையாகிவிடும். குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கும் மெத்தென்ற பாய் இருக்கிறதல்லவா, செருப்பின் அடிப்பாகம் போல, அந்தப் பொருளில்தான் இன்று பெரும்பாலான கவசங்கள் செய்யப்படுகின்றன. முதலில் உடம்பில், சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் ஒட்டுநாடாவை ஒட்டுகிறார்கள். பேனாவால் கோடு வரைந்து, கோட்டின் வழியே வெட்டி எடுத்துத் தட்டையாக விரித்தால் அதுவே அளவு மாதிரி. அதைப் பாயில் வைத்து வெட்ட வேண்டும். விளிம்பைச் சாய்வாக வெட்டினால்தான் மூட்டில் வளைவு வரும். பிறகு செருப்புத் தைப்பவர் பயன்படுத்துகிறாரே, அதே வகைப் பசை. இரண்டு பக்கமும் தடவி, உடனே ஒட்டாமல், கையில் பிசுபிசுப்பு குறையும் வரை காத்திருந்து அழுத்த வேண்டும். பொறுமை இல்லாதவர் செய்தது மேடையில் பிரியும்.

அடுத்து சூடான காற்றுக் கருவியால் மேற்பரப்பை வாட்டுகிறார்கள். துளைகள் அடைபட்டு வழவழப்பாகும், வேண்டிய வளைவும் வரும். மேலே வெள்ளைப் பசை இரண்டு மூன்று பூச்சு, பிறகு வெள்ளி வண்ணம். கடைசியில் கறுப்பு வண்ணத்தைத் தடவித் துணியால் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் அது தங்கி, நூறு போர் கண்ட பழைய இரும்பு போல் ஆகிவிடுகிறது. எடையோ ஒரு பள்ளிப் பை அளவுகூட இல்லை. காகிதக்கூழையும் வெந்தயத்தையும் அரைத்துக் கற்பித்தல் துணைக்கருவி செய்து பயிற்சிப் பள்ளியில் மதிப்பெண் வாங்கிய என் தலைமுறைக்கு இதைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கிறது. (ஆனால் பசைக்கும் சூட்டுக்கும் நல்ல காற்றோட்டம் வேண்டும், முகக்கவசமும் வேண்டும். பேத்திக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.)

ஆயுதங்களுக்கு வாசலில் சோதனை உண்டு. உண்மையான உலோகக் கத்தி கூடாது. ஆகவே வாளும் இதே பாயில்தான், உள்ளே வளையாமலிருக்க ஒரு குழாய்.

நம் நாட்டில் இத்தகைய பெரிய மாநாடு 2011இல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு 2024 பிப்ரவரியில் வந்தது. முழு உடையையும் இணையத்தில் வாங்கி மாட்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் நகோயா நகரில் நடக்கும் உலகப் போட்டியில் மேடையேறுபவர்கள் தங்கள் உடையைத் தாங்களே செய்திருக்க வேண்டும்.

மொரோஜோ 1964இல் காலமானார். அவர் தைத்த உடையோடு அக்கர்மன் நிற்கும் 1939ஆம் ஆண்டுப் படத்தை இணையத்தில் எளிதாகப் பார்க்கலாம். இப்போது சில ஆண்டுகளாக, அவரையும் சேர்த்தே, சிலர் அவரை முதன்மையாகவே, எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். மாநாடு முடிந்து ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

உங்களிடம் பழைய ஆண்டு விழாப் படங்கள் இருந்தால் கீழே பதிவிடுங்கள். படத்தில் நிற்பவர் யாரென்று எனக்குத் தெரியும். அந்த உடையைத் தைத்தது அம்மாவா, அத்தையா, தெருமுனைத் தையற்காரரா? அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.