மெட்டு வாழ்கிறது, சொல்?

பழைய பாட்டொன்றை வேறு குரலில், வேறு சொற்களில் மீண்டும் பாடுவது நம் காலத்துப் புதுமை என்று எண்ணிவிடுகிறோம். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியவர்கள், 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று பாட்டின் தலைப்பில் அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் மெட்டில் பாரதி அரசியல் பாட்டு எழுதியதும் இம்மரபில்தான்.

இம்மரபு கம்பம் பள்ளத்தாக்கில் தெருமேடை ஏறியது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், மக்கள் அறிந்த திரைப்பட மெட்டுகளில் பொதுவுடைமைக் கட்சிக்கான சொற்களை ஏற்றிப் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக, மலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர் நடுவே அவர் குரல் ஒலித்தது. ரோசம்மா வென்றார். பின்னர் அண்ணனின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் பாடித் திரிந்த தம்பியே இளையராஜா. கேட்பவர் செவியில் ஏற்கெனவே குடியிருக்கும் மெட்டுக்குப் புதுச்சொல் எத்தனை எளிதாகப் பழகிவிடும் என்பதை அவர் அம்மேடைகளில் கற்றிருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

அவர் தம் மெட்டுகளையே மறுபிறவி எடுக்க வைத்த வரலாறு சுவையானது. 1981இல் சங்கர் நாகின் 'கீதா' என்ற கன்னடப் படத்துக்கு அமைத்த 'ஜொதெயலி' மெட்டு, 1984இல் 'நூறாவது நாள்' படத்தில் 'விழியிலே' ஆயிற்று. அப்படம் கொலை மர்மக் கதையாகவே தமிழர் நினைவில் தங்கியது. பாட்டு அதன் நிழலில் ஒதுங்கி நின்றது. 2007இல் பால்கியின் 'சீனி கம்' இந்திப் படத்தில் அதே மெட்டை ஷ்ரேயா கோஷல் பாடியபின், புதிய தலைமுறையினர் மூலத்தைத் தேடி வந்தனர். மலையாள 'ஓளங்ங'ளின் (1982) 'தும்பி வா' அதே ஆண்டில் தமிழில் 'ஆட்டோ ராஜா'வுக்கு வந்தது. 2009இல் இந்திப் படமான 'பா'வில் 'கும் சும் கும்' ஆனது. அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு, 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) படத்தின் 'உனக்கும் எனக்கும்' பாட்டின் துண்டொன்றை 2003இல் தன் 'எலிஃபங்க்' தொகுப்பில் சேர்த்தது. பக்திப் படத்துக்குள் ஒடுங்கிக் கிடந்த பாட்டு கடல் தாண்டியது.

ஆயினும் இந்த மறுபிறவியில் எது பிழைக்கிறது என்ற வினா எஞ்சுகிறது. மெட்டு மொழி கடக்கும், சொல் கடப்பதில்லை. 'சீனி கம்' கேட்டு மகிழ்ந்தவருக்குக் கன்னடக் கவிஞனும் தமிழ்க் கவிஞனும் தேவைப்படவில்லை. பாவலரின் தேர்தல் பாட்டுகளுக்கும் அதே கதிதான். அவர் இரவல் பெற்ற மெட்டுகள் வானொலியில் வாழ்ந்தன. தோட்டத் தொழிலாளியை நிமிரச் செய்த சொற்களோ கேட்டவர் நினைவை நம்பி நின்றன. அக்கேட்டவர்கள் இன்று முதுமையில் இருக்கின்றனர். மெட்டைப் புதுப்பிக்க இசைக்கலைஞர் போதும். சொல்லைக் காக்க, உத்தமபாளையத்திலும் போடியிலும் தேவிகுளத்திலும் திண்ணைதோறும் சென்று கேட்டு எழுதுவோர் வேண்டும். அது தமிழ் பயின்ற நம்மைப் போன்றோர் செய்யத் தவறிய வேலை.

'கும் சும் கும்' பாடியவர்களுள் ஒருவர் இளையராஜாவின் மகள் பவதாரிணி. 2024 ஜனவரியில் மறைந்த அவர், இதே பள்ளத்தாக்கின் தென்கோடியில், லோயர்கேம்ப்பில் அடக்கம் செய்யப்பட்டார். பல மொழிகளில் அலைந்த மெட்டொன்றைப் பாடிய குரல் மலையடிவாரத்துக்கே திரும்பிவிட்டது. அடுத்து அம்மெட்டை யார், எம்மொழியில் எடுப்பாரோ, அறியோம். எடுக்கும்போது பழைய சொல்லையும் ஒருமுறை கேட்டுவிட்டு எடுக்கட்டும்.