இரண்டு ஊர்ப் பாலில் ஆரம்பித்த தொழிற்சாலை

"நாலு பேர் சேர்ந்து ஒரு மிஷின் போட்டா நடத்த முடியுமா சார்? பாதியில பிச்சுக்க மாட்டாங்களா?" என்று களத்து மேட்டில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அவர்களுக்கெல்லாம் குஜராத்தில் கேடா மாவட்டத்து விவசாயிகளின் கதையைத்தான் சொல்வேன்.

1945-இல் ஆனந்த் வட்டாரத்திலிருந்து பம்பாய்க்குப் பால் அனுப்பும் திட்டம் வந்தது. கொள்முதல் உரிமை போல்சன் என்ற ஒரே கம்பெனிக்கு. அவர்கள் வைத்ததுதான் விலை. விவசாயிகள் சர்தார் வல்லபாய் படேலிடம் போய் முறையிட்டார்கள். 'நீங்களே சங்கம் வையுங்கள், பாலை நீங்களே பதப்படுத்துங்கள். அதற்கு அனுமதி கிடைக்காவிட்டால் பால் ஊற்றாதீர்கள். நஷ்டம் வரும், தாங்குவீர்களா?' என்பதே அவருடைய பதிலாக இருந்தது.

1946 ஜனவரி 4-ஆம் தேதி சமர்கா கிராமத்தில் கூட்டம் கூடியது. பதினைந்து நாள் பம்பாய்க்குச் சொட்டுப் பால் போகவில்லை. மாட்டுக்கு வேலைநிறுத்தம் தெரியுமா? வேளை வந்தால் கறந்துதானே ஆகணும்! அப்படியும் அவர்கள் அசையவில்லை. கடைசியில் அரசு இறங்கி வந்தது.

அந்த வருஷம் டிசம்பர் 14-இல் சங்கம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் தலைவர். 1948 ஜூனில் பாலைப் பதப்படுத்தி அனுப்பத் தொடங்கியபோது இருந்தவை இரண்டே ஊர்ச் சங்கங்கள். தினசரி சுமார் 250 லிட்டர், அவ்வளவுதான். மற்ற ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பணம் ஒழுங்காக வருவதைக் கண்டதும் ஒவ்வொருவராக வந்தார்கள். வருஷக் கடைசியில் 432 பேர், 5,000 லிட்டர்.

சேருவதில் வித்தை ஒன்றுமில்லை. பங்குத்தொகை கட்டணும், சங்கத்துக்குப் பால் ஊற்றணும். எருமை ஒன்றானாலும் பத்தானாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. எந்தச் சாதியானாலும் ஒரே வரிசை. விலை, பாலில் உள்ள கொழுப்பின்படி.

மிஷின் தகராறு அடுத்து வந்தது. பழைய இயந்திரங்கள் அடிக்கடி நின்றுபோயின. 1949-இல் ஆனந்தில் அரசு வேலைக்கு வந்த இன்ஜினியர் குரியன் அவற்றை ஒக்கிட்டுக் கொடுத்தார். புதுசு வாங்கச் சொன்னார். பிறகு சங்கத்தோடேயே தங்கிவிட்டார்.

குளிர்காலத்தில் எருமைப் பால் பெருகும். பம்பாய் அத்தனையையும் வாங்காது. மிச்சத்தைப் பவுடராக்கலாமென்றால், எருமைப் பாலில் அது நடக்காது என்றார்கள் வெளிநாட்டு நிபுணர்கள். சங்கத்து ஊழியர் தலாயா செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31-இல் பவுடர் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். கறப்பு கூடுகிற மாசத்தில் விலை சரியுமே என்ற பயம் அப்போதுதான் குறைந்தது.

1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி இந்த ஆனந்த் முறையையே நாடெங்கும் கொண்டுபோயிற்று. முதல் கட்டத்தில் பால் போன நான்கு பெருநகரங்களில் நம் சென்னையும் ஒன்று.