காசல்ரீ ஏரிக்கரை

நீர்சூழ்ந்த தனிமையை நாடுவோர் ஆபிரிக்காவின் ஒக்கவாங்கோவுக்குச் செல்வதுண்டு. இலங்கை மலைநாட்டில் அட்டனை அடுத்த காசல்ரீயும் அத்தகைய இடமே. ஆயின், அவ்வேரி இயற்கையின் கொடை அன்று. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965 ஆம் ஆண்டில் முடிந்த அணையே அதனை ஆக்கிற்று. விமலசுரேந்திர மின்நிலையம் இயங்குவதும் அந்நீராலேயே.

அதன் சுற்றுப்புறத்தில் துரைமார் வாழ்ந்த பழைய பங்களாக்கள் சில, 2005 ஆம் ஆண்டு முதல் விருந்தினர் விடுதிகளாயின. அவற்றைச் சூழ்ந்த தேயிலையை வளர்த்தவர்களோ லயக் காம்பராக்களில் வாழ்ந்தவர்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. ஏரிநீரில் பங்களாவின் நிழலை மட்டும் காண்போர், வரலாற்றிற் பாதியையே காண்பர்.