டிக் இல்லாத கட்டம்: பாலாற்றங்கரையில் ஒரு 'நல்' வேல்யூவின் கதை

இந்த எபிசோடு ஒரு சின்னக் கட்டத்தைப் பத்தினது. ஃபார்ம்ல டிக் அடிக்கிறோமே, அந்த செக்பாக்ஸ். கதை நடக்கிற இடம் ராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. பிரியாணி பத்தி இன்னைக்குப் பேசப் போறதில்ல, முன்னாடியே சொல்லிடறேன்.

பாலாற்றங்கரை கிராமம் ஒண்ணுல சர்வே எடுக்கிறோம்னு வெச்சுக்கோங்க. ஃபார்ம்ல ஒரு வரி: 'கிணற்று நீர் கெட்டுள்ளது'. பக்கத்துல ஒரு கட்டம். டிக் இருந்தா தண்ணி கெட்டிருக்குன்னு அர்த்தம். டிக் இல்லைன்னா? தண்ணி நல்லா இருக்கலாம். அந்தக் கிணத்துப் பக்கம் யாருமே போகாமலும் இருந்திருக்கலாம். இல்ல, அந்த வீட்டுக்குக் கிணறே கிடையாதுன்னும் இருக்கலாம். மூணுமே பேப்பர்ல ஒரே மாதிரி வெறும் கட்டமாத்தான் தெரியும்.

டேட்டாபேஸ் உலகத்துல இதை முதல்ல சீரியஸா எடுத்துக்கிட்டவர் ஐபிஎம்ல வேலை பார்த்த எட்கர் காட். நாம இன்னைக்குப் பயன்படுத்துற ரிலேஷனல் மாடலை 1970-ல எழுதினவர். 1979-ல வந்த அவரோட இன்னொரு கட்டுரையில 'உண்மை', 'பொய்' ரெண்டோட 'தெரியாது'ன்னு மூணாவது மதிப்பும் வருது. 1990-ல போட்ட புத்தகத்துல இன்னும் ஒரு படி போய், 'பதில் இருக்கு, நமக்குத்தான் தெரியல' வேற, 'இந்தக் கேள்வியே இவருக்குப் பொருந்தாது' வேறன்னு ரெண்டு குறி வைக்கச் சொன்னார். எஸ்க்யூஎல் அந்த அளவுக்குப் போகல. ஒரே ஒரு 'நல்'லோட நிறுத்திக்கிச்சு.

அந்த ஒரு 'நல்'லே போதும், தலைவலி கொடுக்க. 'கெட்டுள்ளது' காலம்ல மதிப்பு நல்னா, கெட்ட கிணறுகளைக் கேட்கிற குவெரியிலும் அந்த ரோ வராது, கெடாத கிணறுகளைக் கேட்கிற குவெரியிலும் வராது. ரெண்டு லிஸ்ட்டையும் கூட்டிப் பார்த்தா மொத்தக் கணக்கு உதைக்கும். எரிச்சல்ல டெவலப்பர் என்ன பண்ணுவார்? காலத்துக்கு 'நாட் நல், டீஃபால்ட் ஃபால்ஸ்'னு போட்டு முடிச்சிடுவார். கணக்கு சரியாயிடும். ஆனா அந்த ஒரு வரியில 'யாரும் பார்க்கல'ங்கிறது 'பிரச்சினை இல்லை'ன்னு மாறிப்போச்சு.

டூல்களும் அந்தப் பக்கமே தள்ளும். எச்டிஎம்எல் ஃபார்ம்ல டிக் இல்லாத செக்பாக்ஸ் சர்வருக்கு எதையுமே அனுப்பாது. பயனர் வேணாம்னு விட்டாரா, அந்தக் கேள்வியே அவர் பக்கத்துல இல்லையான்னு சர்வருக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ல 'யெஸ்/நோ' ஃபீல்டு நல்லை ஏத்துக்கவே ஏத்துக்காது. தீர்வு ஒண்ணும் பெரிய விஷயமில்ல. செக்பாக்ஸை எடுத்துட்டு, முன்கூட்டியே எதையும் தேர்வு செய்யாம 'ஆம்', 'இல்லை', 'பார்க்கவில்லை'ன்னு மூணு ரேடியோ பட்டன். கூடவே 'எந்தத் தேதியில பார்த்தாங்க'ன்னு தனியா ஒரு காலம். தேதி இல்லாத 'இல்லை'யை நம்பக் கூடாதுங்கிறது என் கட்சி.

ஆனா நல்லுக்கு என்ன டீஃபால்ட் கொடுக்கிறதுங்கிறது கோட் சமாச்சாரம் மட்டும் இல்ல. தெரியாத விஷயத்தோட செலவை யார் தலையில கட்டுறோம்ங்கிற முடிவு அது. இந்தக் கேள்விக்கு இந்தியாவுல முக்கியமான ஒரு பதில் வேலூர் பேர்லதான் இருக்கு.

கொஞ்சம் பின்னாடி போவோம். இந்தப் பகுதியில ஆவாரம்பட்டை, கடுக்காய் வெச்சுத் தோல் பதனிடுறது பழைய தொழில். பாதி பதனிட்ட தோலா வெளிநாட்டுக்குப் போயிட்டிருந்தது. 1970-களோட தொடக்கத்துல மத்திய அரசு பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுசா முடிச்ச தோலாவும் ஷூவாவும் அனுப்பச் சொன்னது. வேலை பெருகுச்சு, டாலரும் வந்துச்சு. குரோமியம் உப்பு வெச்சுப் பதனிடுற முறையும் பரவுச்சு. கழிவுநீர் பாலாத்துலயும் வயல்லயும் இறங்குச்சு.

1991-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. தோல் தொழில் நடக்கிற பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ சாகுபடிக்கு லாயக்கில்லாம போயிடுச்சுன்னு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிஞ்சது வழக்குல முன்வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்னைக்கு நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். செய்தியில அடிபட்டது அதுதான். எனக்கு முக்கியமாப் படுறது வேற ஒரு பகுதி: முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தோட பகுதின்னு அந்தத் தீர்ப்பு சொன்னது. அறிவியல்பூர்வமா உறுதி இல்லைங்கிறதைக் காரணம் காட்டி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. கெடுதல் இல்லைன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு தொழில் நடத்துறவரோடது, விவசாயியோடது இல்ல.

நம்ம பாஷையில சொன்னா, நீதிமன்றம் டீஃபால்ட்டை மாத்தி எழுதிடுச்சு. அதுவரைக்கும் நல்னா 'பாதிப்பு இல்லை'. இனிமே நல்னா பாதிப்பு இல்லைன்னு டேனரி காட்டணும்.

சரி, களத்துல அது எப்படி நடந்தது? சுற்றுச்சூழல் இழப்பைக் கணக்கிட ஒரு ஆணையம் அமைச்சாங்க. 2001 மார்ச் 7-ல முதல் தீர்வம் வந்தது. வேலூர் மாவட்டத்துல பாதிக்கப்பட்டவங்க 29,193 பேர், பணம் கட்ட வேண்டிய டேனரிகள் 547, தொகை சுமார் 26.82 கோடி ரூபாய். ஆளுக்குச் சராசரி போட்டா பத்தாயிரத்தைத் தொடாது. 2009-ல இரண்டாவது தீர்வம் வந்து, விடுபட்டவங்களைச் சேர்த்தது. அதாவது, முதல் பட்டியல்ல பேர் இல்லாத எல்லாரும் 'பாதிக்கப்படாதவர்' இல்ல. சிலர் வெறும் நல்.

இதைவிடப் பெரிய வெத்துக் கட்டம் காலத்துல இருந்தது. இழப்பீடு கணக்கிட்டது 1998 டிசம்பர் 31 வரைக்கும்தான். அடுத்த நாள் காலையில பாலாறு சுத்தமாயிடுச்சா? அதுக்கப்புறம் கணக்கிடல, அவ்வளவுதான். இழப்பீட்டுக் கணக்குல அது பூஜ்யமாவே உட்கார்ந்துச்சு.

அதே ஊர்ல இன்னொரு ஃபார்ம் இருக்கு, ஏற்றுமதிக்கான லேப் ரிப்போர்ட். தோலைத் தொடுற பொருள்கள்ல ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாதுன்னு ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1-லிருந்து நடைமுறைப்படுத்துது. அந்த டெஸ்ட் முறையால நம்பகமா அளக்க முடியுற குறைந்த அளவும் அந்த 3 தான். அதனால ரிப்போர்ட்ல '0'ன்னு எழுத மாட்டாங்க, '3-க்குக் கீழ்'னு எழுதுவாங்க. எவ்வளவு நேர்மையான டேட்டா பாருங்க! ரிப்போர்ட்டே இல்லைன்னா வாங்குறவர் சரக்கைத் தொட மாட்டார். ஷூவுக்கு நல்னா ஃபெயில். அந்த ஷூவுக்குத் தோல் பதனிட்ட ஊரோட கிணத்துக்கு நல்னா பாஸ்.

வழக்கு முடியல. வேலூர் மாவட்ட சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு திரும்பவும் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. இதுக்கு நடுவுல 2019-ல மாவட்டமே மூணாப் பிரிஞ்சு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர்ல சேர்ந்தாச்சு. பழைய ரெக்கார்டை வெச்சு லிஸ்ட் எடுக்கிறவங்களை நினைச்சா பாவமா இருக்கு. 2025 ஜனவரி 30-ல நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தீர்ப்பு கொடுத்தது. இன்னும் இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரத்துல அரசே கொடுத்துட்டு, மாசுபடுத்தினவங்ககிட்ட வசூலிச்சுக்கணும். கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில ஒரு குழு. சூழலுக்கு நடந்த சேதம் சரியாகுற வரைக்கும் மாசுபடுத்தினவரோட பொறுப்பு தொடரும்.

அந்தக் கடைசி வரியை ஒரு டேட்டாபேஸ்ல எழுதினா, 'முடிவுத் தேதி'ங்கிற காலம் நல்லாவே இருக்கும். ஆறு சரியாயிடுச்சுன்னு ஒருத்தர் அளந்து காட்டுற நாள்லதான் அதை நிரப்ப முடியும்.