பழைய பிக்கப் வண்டிகளில் கார்புரேட்டர் வழிதல்

பெட்ரோல் இயந்திரத்தின் கார்புரேட்டர், தேவைக்கு மேல் எரிபொருளை உள்ளே விட்டுவிடும் கோளாறே வழிதல் ஆகும். நம்மூர் இருசக்கர வாகன மெக்கானிக்குகள் இதை ‘ஓவர்ஃப்ளோ’ என்பார்கள். அமெரிக்காவின் பழைய பிக்கப் டிரக்குகளில் இந்தக் கோளாறு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தது. கரும்புகை, பெட்ரோல் வாடை, நனைந்து கறுத்த ஸ்பார்க் பிளக், சூடான வண்டி மறுபடி கிளம்ப மறுப்பது ஆகிய அறிகுறிகள் இக்காலம் முழுவதும் ஒன்றாகவே இருந்தன. காரணம்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. ஆகவே வண்டி எந்தக் காலத்தது என்று தெரியாமல் இக்கோளாறைக் கண்டறிவது கடினம்.

இது வெறும் பெட்ரோல் விரயம் அன்று. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எண்ணெயில் கலக்கும். நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்குகளைக் காப்பதில்லை. வெளியே வழிந்தாலோ, அது சூடான புகைபோக்கிக் குழாயின் மேல் சொட்டித் தீப்பிடிக்கலாம். பழைய மெக்கானிக்குகள் எண்ணெய் அளவுகோலை உருவியதும் அளவைப் பார்க்குமுன் முகர்ந்து பார்த்ததற்குக் காரணம் இதுதான்.

மிதவையும் ஊசியும்

1893 வாக்கில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், புடாபெஸ்டில் பாங்கி, சோன்கா என்னும் இரு பொறியாளர்களும் தனித்தனியே தெளிப்பு முறைக் கார்புரேட்டரை உருவாக்கினர். சிறிய அறை ஒன்றில் பெட்ரோல் நிற்கும். அதில் ஒரு மிதவை மிதக்கும். மட்டம் உயர்ந்தால் மிதவை எழுந்து ஊசி வால்வைத் தள்ளி வரத்தை அடைக்கும், தாழ்ந்தால் திறக்கும். வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவைக் குழாய் வேலை செய்வதும் இப்படித்தான். மிதவை எழாவிட்டாலும், ஊசி தன் இருக்கையில் சரியாகப் பதியாவிட்டாலும் பெட்ரோல் வழியும்.

தக்கையின் காலம்

ஃபோர்டு நிறுவனம் 1925 ஏப்ரலில் மாடல் டி வண்டியின் பின்புறத்தில் சரக்குப் பெட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்றது. தொழிற்சாலையிலேயே முழுமையாகக் கட்டப்பட்ட ஃபோர்டின் முதல் பிக்கப் இது. இதற்கு எரிபொருள் பம்பு கிடையாது. இருக்கைக்குக் கீழே இருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்கும். எனவே ஊசி வால்வு கசிந்தால், வண்டி நின்ற பிறகும் வழிதல் நிற்காது. தொட்டியின் அடியில் இருந்த குழாய்த் திறப்பை இரவில் மூடிவிடுவதே பாதுகாப்பு. மூட மறந்தால் காலையில் வண்டிக்குக் கீழே பெட்ரோல் தேங்கி நிற்கும்.

அக்காலக் கார்புரேட்டர்கள் பலவற்றில் மிதவை தக்கையால் ஆனது. அதன்மேல் அரக்குப் பூச்சு. அன்றைய உலகச் சந்தையில் அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. பூச்சு உரிந்தால் தக்கை பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும். கனத்த மிதவை முழுதாக எழாது. வால்வும் முழுதாக மூடாது.

பித்தளையும் பம்பும்

1932இல் வந்த ஃபோர்டு வி-8 இயந்திரத்தில் கேம்ஷாஃப்ட்டால் இயங்கும் டயாஃபிராம் பம்பு இருந்தது. பம்பு பரவலானதும் நோயின் போக்கு மாறியது. இயந்திரம் நின்றால் பம்பும் நிற்கும்; ஆகவே இரவு முழுதும் சொட்டுவது குறைந்தது. ஆனால் இப்போது ஊசி வால்வு பம்பின் அழுத்தத்தை எதிர்த்து நிற்க வேண்டியதாயிற்று. சதுர அங்குலத்துக்கு 4 முதல் 7 பவுண்டு வரையே பெரும்பாலான கார்புரேட்டர்கள் தாங்கும். பம்பை மாற்றிய மறுநாளே வழியத் தொடங்கிய வண்டியில் கார்புரேட்டரைக் கழற்றுவது வீண்வேலை; முதலில் அழுத்தமானியைப் பொருத்த வேண்டும்.

மிதவையும் பித்தளைக்கு மாறியது. இரு பாதிகளை ஈயப்பற்று வைத்து ஒட்டிய அதன் விளிம்பில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், உள்ளே பெட்ரோல் புகும். இதைக் கண்டறிவது எளிது. காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தம் கேட்கும். வெந்நீரில் அமுக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். வேதியியல் ஆய்வகம் எதுவும் வேண்டியதில்லை.

துருவும் தூசியும் ஊசியின் அடியில் சிக்குவது இன்னொரு காரணம். மிதவை அறையின் பக்கவாட்டில் ஸ்குரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டினால் சில வேளை வழிதல் நின்றுவிடும். இதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குற்றவாளி ஊசியே என்பதற்கான சாட்சி அது. தொட்டியில் துரு இருக்கும்வரை மறுபடியும் சிக்கும்.

ஏமாற்றிய தலைமுறை

ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் என்னும் நான்கு வாய்க் கார்புரேட்டர் 1965இல் அறிமுகமாகி, செவ்ரோலெட் பிக்கப்களில் 1980களின் நடுப்பகுதி வரை இடம்பெற்றது. மெக்கானிக்குகளை அதிகம் ஏமாற்றியது இதுவே எனலாம். இதன் மிதவை நுண்ணறைகள் கொண்ட கறுப்புச் செயற்கை நுரையால் ஆனது. ஓட்டை விழாது, குலுக்கினால் சத்தமும் வராது. ஆனால் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகப் பெட்ரோலை உறிஞ்சிக் கனக்கும். பித்தளையில் பழகிய கைகள் குலுக்கிப் பார்த்து ‘மிதவை நன்றாக இருக்கிறது’ என்று தீர்ப்பளித்து, ஊசியை மட்டும் மாற்றின. மட்டம் மறுபடி உயர்ந்தது. புதிய மிதவையின் எடையோடு ஒப்பிட்டு நிறுத்துப் பார்ப்பதே இதற்குச் சரியான சோதனை. தக்கை மிதவையின் பழைய நோய் புதிய உருவில் திரும்பி வந்தது என்றே சொல்ல வேண்டும்.

இதே கார்புரேட்டரின் அடிப்பகுதியில் இருந்த சிறு அடைப்பான்கள் கசிந்தால் வேறொரு குழப்பம். வண்டி நின்ற பிறகு பெட்ரோல் இயந்திரத்துக்குள் மெல்ல இறங்கிவிடும். காலையில் மிதவை அறை வறண்டிருக்கும். நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டியிருக்கும். வழியும் வண்டி பட்டினி கிடப்பதுபோல் தோன்றும். பலர் நல்ல பம்பைக் கழற்றி எறிந்தார்கள். எபாக்சி பூசி அடைப்பான்களை மூடுவதே இதற்கு மருந்து.

வழிதல் போலத் தோன்றி வழிதலாக இல்லாதவையும் உண்டு. சூடான பின்னும் சோக் மூடியே இருந்தால் கரும்புகை வரும். ஹோலி கார்புரேட்டர்களில் பவர் வால்வின் டயாஃபிராம் கிழிந்தாலும் அப்படியே. பிரித்தறியும் வழி இது: காற்று வடிகட்டியைக் கழற்றி, இயந்திரம் மெதுவாக ஓடும்போது சற்று விலகி நின்று வாய்க்குள் பார்க்க வேண்டும். முதன்மைக் குழாய் முனையிலிருந்து பெட்ரோல் சொட்டினால் மட்டம் உயர்ந்திருக்கிறது. சொட்டாமல் புகை மட்டும் வந்தால் மிதவையை விட்டுவிட்டு வேறிடம் தேட வேண்டும்.

ஓட்டுநர் கையேடுகள் சொன்ன ஒரு தற்காலிக வைத்தியமும் உண்டு. வழிந்த வண்டியைக் கிளப்ப ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். அப்போது சோக் தகடு வலிந்து திறக்கும், காற்று புகும். பலர் பதற்றத்தில் விட்டு விட்டு மிதித்தார்கள். ஒவ்வொரு மிதியும் இன்னொரு பீச்சு பெட்ரோலைச் சேர்த்தது.

எத்தனால் வந்த பின்

அமெரிக்கா 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வரிச்சலுகை அளித்தது. எத்தனால் பழைய தொட்டிகளில் படிந்திருந்த அழுக்கைக் கரைத்துக் கிளப்பி ஊசியின் அடியில் கொண்டு சேர்த்தது. பழைய ரப்பர் பாகங்களை ஊதவைத்தது. 1987இல் செவ்ரோலெட்டின் முழு அளவுப் பிக்கப்கள் எரிபொருள் தெளிப்பு முறைக்கு மாறின. சில ஆண்டுகளில் மற்றவையும் மாறின. பழையவற்றைப் பேணுவோரிடம் மட்டுமே சிக்கல் எஞ்சியது. அதில் அதிகம் திகைத்தவர்கள் மாடல் டி வைத்திருந்தவர்கள். அரக்கு பெட்ரோலில் கரையாது, ஆனால் ஆல்கஹாலில் கரையும். புதிய பெட்ரோலை ஊற்றியதும், பத்திரமாக இருந்த தக்கை மிதவைகள் பூச்சை இழந்து கனத்து, வழியத் தொடங்கின. இப்போது அவற்றுக்கு ஆல்கஹாலில் கரையாத பூச்சுகளைத் தடவுகிறார்கள்.