பிரெஞ்சிந்தியத் தொழிலாளர் சட்டம் (1937)

புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியப் பகுதிகளுக்காக 1937 ஏப்ரல் 6 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை. எட்டு மணி நேர வேலை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றை இது சட்டமாக்கியது.

இச்சட்டம் பிறந்தது புதுச்சேரிப் பஞ்சாலைகளில். 1936 கோடையில் பிரான்சில் கம்யூனிஸ்டுகள் ஆதரவோடு மக்கள் முன்னணி அரசு பதவியேற்று, வாரத்துக்கு 40 மணி நேர வேலையையும் ஊதியத்துடன் கூடிய விடுப்பையும் சட்டமாக்கியிருந்தது. அதே கொடியின் கீழ் வாழ்ந்த புதுச்சேரித் தொழிலாளிக்கோ சங்கம் வைக்கும் உரிமைகூட இல்லை. வ. சுப்பையாவின் தலைமையில் சவானா, ரோடியர் ஆலைகளில் போராட்டம் மூண்டது. ஆலைக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது ஜூலை 30 அன்று காவல்படை சுட்டதில் 12 பேர் இறந்தனர். பாரீசில் முற்போக்கு பேசிய அரசின் காலத்திலேயே இது நடந்தது என்பதை மறைக்க வழியில்லை. குண்டுகளுக்குப் பின்னர்தான் சட்டம் வந்தது.

காரைக்காலில் இதன் பயன் குறைவே. புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 130 கி.மீ. தொலைவில், காவிரிக் கழிமுகத்தில் உள்ள இப்பகுதி நெல் விளையும் பூமி. புதுச்சேரியில் இருந்தவை போன்ற பெரிய ஆலைகள் அன்று இங்கு இல்லை. ஆலைத் தொழிலாளியை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதிகள், நடவுக்கும் அறுப்புக்கும் போன கூலியாளுக்கு எட்டவில்லை.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. தொழிற்சாலைகள் சட்டம், தொழில் தகராறுகள் சட்டம் முதலிய இந்தியச் சட்டங்கள் 1963 அக்டோபர் 1 முதல் இங்கு நடைமுறைக்கு வந்தன.